படப்பையில் ஒரு ஐரோப்பிய டம்ளர்

ஹாட் சாக்லேட் குடிக்கத் தகுந்த குளிர் படப்பையில் மார்கழி விடியற்காலையில்தான் அடிக்கும். காதில் மஃப்ளர் சுற்றிய ஷிப்டுக்காரர்கள் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையோரம் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பார்களே, அந்த நேரம். எட்டு மணிக்கெல்லாம் வெயில் வந்து மஃப்ளரை அவிழ்த்துவிடும். மற்றபடி எங்கள் ஊரில் சூடாக எதையாவது குடிக்க வேண்டுமென்றால் மத்தியானம் மாடித் தொட்டிக் குழாயைத் திறந்தால் போதும். இப்படிப்பட்ட ஊரில், ஸ்பூனை நட்டால் நிற்கிற கெட்டியான ஐரோப்பியச் சாக்லேட் பானத்தை வீட்டிலேயே காய்ச்சுவேன் என்று ஒரு குடும்பத்தலைவன் கிளம்பினால், அவனுக்கு ஏதோ கிரகம் சரியில்லை. எனக்குச் சரியில்லை.

நான் ஒரகடம் பக்கம் கார் உதிரி பாகங்களுக்குப் பெயிண்ட் அடிக்கிற ஒரு கம்பெனியில் பெயிண்ட் ஷாப் சூப்பர்வைசர். பெயிண்ட் கெட்டியாக இருந்தால் ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக உட்காரும்; நீர்த்திருந்தால் வழிந்து கண்ணீர் விடும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். ஆகவே கெட்டி, நீர்ப்பு என்கிற விஷயத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பு எனக்கு உண்டு. அந்த நினைப்பு வீட்டு வாசற்படியோடு சரி. சாம்பார் நீர்த்திருக்கிறது என்று சொல்லும் உரிமை, கல்யாணமான புதிதிலேயே என்னிடமிருந்து பறிக்கப்பட்டுவிட்டது.

இந்த வினையை விதைத்தவர் ஓர் இத்தாலிக்காரர். எங்கள் லைனில் புது ரோபோ பொருத்திப் பழக்கிவிட வந்தவர். ரோபோ அவர் சொன்னபடி கேட்டது. கான்டீன் மாஸ்டர் கேட்கவில்லை. டீ பிரேக்கில் காகிதக் கப்பை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு அவர் பெருமூச்சு விட்டார். தன் ஊரில் குளிர்காலத்தில் ஒரு சாக்லேட் தருவார்கள், அதைக் குடிக்க முடியாது, ஸ்பூனால்தான் சாப்பிட வேண்டும் என்று ஆரம்பித்தார். அவர் ஊர் டூரின். அங்கே 1763-இல் தொடங்கிய ஒரு கடை இன்றைக்கும் நடக்கிறது. காபி, கெட்டிச் சாக்லேட், அதன்மேல் பாலேடு என்று அடுக்கடுக்காகச் சின்னக் கண்ணாடிக் குவளையில் ஊற்றிக் கொடுப்பார்கள், பெயர் பிச்செரின். ஃபியட் கம்பெனி 1899-இல் பிறந்ததும் இதே டூரினில்தான்.

கார் செய்கிற ஊர், சாக்லேட்டும் காய்ச்சுகிறது! என் மண்டையில் ஏதோ பற்றிக்கொண்டது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் இருக்கிறது. ஒரகடத்தில் ரெனோ, டெய்ம்லரின் பாரத்பென்ஸ் லாரி, ராயல் என்ஃபீல்டு புல்லட், அப்போலோ டயர் எல்லாம் இருக்கின்றன. கொரிய எழுத்தில் போர்டு வைத்த மளிகைக் கடைகூட ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வந்துவிட்டது. டூரினுக்கு நாம் எதில் குறைச்சல்? சாக்லேட் ஒன்றுதான் பாக்கி. அந்தப் பாக்கியை நானே தீர்த்துவைப்பதென்று முடிவு செய்தேன். ஊர் யாரும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

வீட்டில் அறிவித்தேன்.

"ஏங்க, அதான் போர்ன்விட்டா டப்பா முழுசா இருக்கே," என்றாள் மனைவி.

"அது வேற, இது வேற."

"என்ன வேற? அதுவும் பால், அதுவும் சாக்லேட்டு."

இந்த இடத்தில் நான் ஒரு சின்ன உரை நிகழ்த்தினேன். பெயிண்ட் ஷாப்பில் ட்ரெய்னி பையன்கள் நின்று கேட்பார்கள். இவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். போர்ன்விட்டா, பூஸ்ட் எல்லாம் மால்ட் பானங்கள். அவற்றில் முதல் மரியாதை தானியத்துக்கும் சர்க்கரைக்கும்; கொக்கோ பந்தியில் கடைசி இலை. அந்தக் கொக்கோவும் கொழுப்பு பிழிந்த தூள். கொக்கோ விதையில் ஏறத்தாழ பாதி கொழுப்பு. 1828-இல் ஹாலந்தில் வான் ஹௌட்டன் குடும்பத்தார் அந்தக் கொழுப்பைப் பெரும்பாலும் அழுத்திப் பிழிந்தெடுக்கும் இயந்திரத்துக்கு உரிமம் வாங்கினார்கள். பிழிந்த கொழுப்பு பிற்பாடு சாக்லேட் கட்டிக்குப் போனது. 1847-இல் இங்கிலாந்தில் ஃபிரை கம்பெனி கடித்துச் சாப்பிடும் கட்டியைச் செய்தது. சக்கை தூளாகி டப்பாவுக்குள் போனது. நம் வீட்டுப் பிள்ளைகள் நுரை மீசையோடு குடிப்பது அந்தத் தூளின் வம்சம். கெட்டிச் சாக்லேட் வேண்டுமென்றால் தூள் மட்டும் போதாது, கொழுப்பு பிழியாத கட்டியைப் பாலில் உருக்க வேண்டும்.

"அப்ப இத்தன நாளு எங்களுக்குச் சக்கையத்தான் வாங்கிப் போட்டீங்களா?" என்றாள். உரையிலிருந்து அவள் எடுத்துக்கொண்டது அவ்வளவுதான்.

அடுத்தது கொள்முதல். இந்தியாவிலேயே கொக்கோவை முதலில் நட்டது 1798-இல், நம் குற்றாலத்தில், என்று தோட்டக்கலைப் புத்தகங்கள் சொல்கின்றன. இன்றைக்குப் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னைக்கு ஊடுபயிராகக் கொக்கோ காய்க்கிறது. அங்கேயே சொந்தத் தோட்டத்து விதையைப் புளிக்கவைத்து, காயவைத்து, வறுத்து, அரைத்துக் கட்டியாக விற்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆரோவில்லிலும் செய்கிறார்கள். அவ்வளவு பெரிய பாரம்பரியம் இருக்கும்போது படப்பை பஜாரில் ஒரு டார்க் சாக்லேட் கிடைக்காதா என்று கிளம்பினேன்.

கிடைத்தது. பேக்கரிச் சாமான் கடையில் செங்கல் மாதிரி ஒரு கட்டி. கடைக்காரர், "சார், கேக்குக்கு எல்லாரும் இதான் வாங்கிட்டுப் போறாங்க," என்றார். விலை மலிவு, நிறம் கன்னங்கரேல். பெயிண்ட் டின்னில் பேட்ச் நம்பரிலிருந்து காலாவதித் தேதிவரை படிக்கிற ஆளாயிற்றே, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொடி எழுத்தைப் படித்தேன். கொக்கோ பட்டர் என்ற சொல்லையே காணோம். அந்த இடத்தில் ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்பு உட்கார்ந்திருந்தது. இதற்குக் காம்பவுண்ட் என்று பெயர். கேக் மேல் ஊற்ற வசதி, வெயிலையும் கொஞ்சம் தாங்கும். ஆனால் பாலில் உருக்கிக் குடித்தால் மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டிக்கொண்டு, ராத்திரி படுக்கப் போகும்வரை கூடவே வரும்.

அசல் கொக்கோ பட்டரின் பெருமை அதன் உருகுநிலை: ஏறத்தாழ 34 டிகிரி செல்சியஸ். நம் உடம்புச் சூட்டுக்கு ஒரு படி கீழே. அதனால்தான் வாயில் போட்டதும் கரைகிறது. இதில் படப்பைக்கு ஒரு சிக்கல் உண்டு. மே மாதம் எங்கள் சமையலறை அலமாரியே 34-ஐத் தாண்டிவிடும். ஆன்லைனில் தருவித்த அசல் கட்டி கூரியர் வண்டியில் ஊரைச் சுற்றிவிட்டு வந்தபோது, உறைக்குள் முழுத் திரவமாக இருந்தது. "கேஸ் மிச்சம்," என்றாள் மனைவி. ஃப்ரிட்ஜில் வைத்து மறுபடி கட்டியாக்கினேன். மேலே வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. பூஞ்சைக்காளான் என்று அம்மா குப்பைக்குக் கொண்டுபோகப் போனார்; கொழுப்பு மேலே வந்து படிந்ததுதான், கெடுதல் இல்லை, உருக்கினால் போய்விடும் என்று சத்தியம் செய்து மீட்டேன்.

பால் விவகாரம் தனி. எங்கள் வீட்டில் ஆவின் நீலப் பாக்கெட்தான் அதிகாரபூர்வப் பால். கொழுப்பு 3 சதவீதம். விருந்தாளி வந்தால் பச்சை, 4.5 சதவீதம். ஆரஞ்சுப் பாக்கெட், 6 சதவீதம், பாயசத்துக்கும் சம்பந்தி வீட்டாருக்கும். எனக்கு ஆரஞ்சு வேண்டும் என்று கேட்டபோது வீட்டில் ஒரு மௌனம் நிலவியது. "மாத்திரைக்குன்னே ஒரு டப்பா வெச்சிருக்கற ஆளுக்கு ஆரஞ்சுப் பாலா?" என்றாள் மனைவி. கொலஸ்ட்ரால் ரிப்போர்ட் ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டப்பட்டு எல்லாரும் பார்க்கும்படி இருக்கிறது. என் சம்பளச் சீட்டுக்குக்கூட அந்த இடம் கிடைத்ததில்லை.

ஒருவழியாக அடுப்பைப் பற்றவைத்தேன். பால் காய்ந்தது, சாக்லேட்டை நறுக்கிப் போட்டேன், கரைந்தது. நிறம் பிரமாதம், வாசனை பிரமாதம். ஸ்பூனை நட்டேன். ஸ்பூன் நிதானமாகச் சாய்ந்து, விளிம்பில் ணங் என்று தலை வைத்துப் படுத்தது. கெட்டி இல்லை. இன்னும் சாக்லேட் போட்டால் கெட்டியாகும். மாதக் கடைசி தாங்காது. விஷயம் சோளமாவில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். இத்தாலியிலும் ஸ்பெயினிலும் இந்தக் கெட்டிக்குப் பின்னால் பெரும்பாலும் மாவுதான் நிற்கிறது. மாட்ரிட்டில் 1894-இலிருந்து நடக்கிற சான் ஹினேஸ் கடையில், மாவைப் பிழிந்து எண்ணெயில் பொரித்த சுர்ரோவை இந்தக் கெட்டிச் சாக்லேட்டில்தான் முக்கிச் சாப்பிடுகிறார்கள்.

மாவு என்றதும் எனக்குள் இருந்த சூப்பர்வைசர் எழுந்துவிட்டான். எத்தனை கரண்டி போட்டால் எவ்வளவு கெட்டி? "கெட்டியா இருக்கு", "சுமாரா இருக்கு" என்பதெல்லாம் அளவா? எங்கள் ஷாப்பில் ஃபோர்டு கப் என்று ஒன்று இருக்கிறது. அடியில் துளை வைத்த உலோகக் கிண்ணம். நாலாம் நம்பர் கப் 100 மில்லி பிடிக்கும், துளை 4.12 மில்லிமீட்டர். அடியில் ஆள்காட்டி விரலால் துளையை அடைத்துக்கொண்டு விளிம்புவரை பெயிண்டை ஊற்றி, மேலே வழித்துவிட வேண்டும். விரலை எடுக்கிற நொடியில் ஸ்டாப்வாட்ச்சை அழுத்த வேண்டும். கம்பியாக ஒழுகும் பெயிண்ட் எந்தக் கணம் அறுபட்டுச் சொட்டத் தொடங்குகிறதோ, அந்தக் கணம் நிறுத்த வேண்டும். வருகிற விநாடிதான் கெட்டியின் மார்க். இதே மாதிரி சாக்லேட்டுக்கும் ஒரு விநாடி நிர்ணயித்து, சுவரில் எழுதி ஒட்டிவிட்டால் எந்தக் காலத்துக்கும் சண்டை இல்லை.

கம்பெனி கப்பை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. கேட்டில் டிபன் பாக்ஸையே திறக்கச் சொல்லும் ஊர் இது. வீட்டில் பரணில் சும்மா கிடந்த எவர்சில்வர் டம்ளர் ஒன்று கண்ணில் பட்டது. டிரில்லிங் மிஷினில் 4 மில்லிமீட்டர் பிட்டைப் போட்டேன். மீதி 0.12 மில்லிமீட்டரை மனசாட்சியின் பேரில் கூட்டிக்கொள்ளலாம். ஓட்டை அழகாக விழுந்தது. பிசிறைத் தேய்த்துக் கழுவும்போதுதான் விளிம்புக்குக் கீழே புள்ளி எழுத்தில் வெட்டியிருந்த பெயரையும் முகூர்த்தத் தேதியையும் படித்தேன். மனைவியின் தாய்மாமன் எங்கள் கல்யாணத்துக்குச் சீராகக் கொடுத்த செட்டில் அது ஒன்று.

மனைவி டம்ளரை வாங்கி, ஓட்டை வழியாக என்னைப் பார்த்தாள். "எங்க மாமா இன்னும் கல்லு மாதிரி இருக்காரு. அவரு டம்ளருக்கு மட்டும் ஏன் இந்த கதி?" என்றாள். இதற்கு எந்த ஸ்டாப்வாட்ச்சிலும் பதில் இல்லை.

நேர்ந்தது நேர்ந்துவிட்டது, அளந்தாவது பார்ப்போம் என்று கீழே கிண்ணம் வைத்து, விரலால் அடைத்து (சூடு, அது வேறு கதை), சாக்லேட்டை ஊற்றி, விரலை எடுத்தேன். தடியாக ஒரு சொட்டு வந்து தொங்கியது. தொங்கியே இருந்தது. கீழே விழுவதா வேண்டாமா என்று அது யோசிக்க, வாட்ச் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மகள் எட்டிப் பார்த்து, "அப்பா, இதுக்கு சலைன் ஏத்தறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

விஞ்ஞானம் என் பக்கம்தான் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தண்ணீர், எண்ணெய் மாதிரி ஒரே சீராக ஓடும் திரவங்களுக்குத்தான் ஃபோர்டு கப் சரிவரும். சாக்லேட் அப்படி ஓடாது. சும்மா விட்டால் கட்டிக்கொள்ளும், கிளறினால் இளகும். அதை நகர்த்தவே முதலில் ஒரு தள்ளு தள்ள வேண்டும். எங்கள் ஊர்ப் பெயிண்டுகளில் பலவும் இதே சாதி. 1959-இல் காசன் என்பவர் அச்சு மை எப்படி ஓடுகிறது என்பதற்கு ஒரு சமன்பாடு போட்டார். எண்ணெயில் நிறத்தூள் மிதக்கும் மைக்காகப் போட்ட கணக்கு, கொக்கோ பட்டரில் கொக்கோத் தூளும் சர்க்கரையும் மிதக்கும் சாக்லேட்டுக்கும் பொருந்திவிட்டது. சர்வதேசச் சாக்லேட் தொழில்காரர்களின் அமைப்பு 1973-இல் அதையே சாக்லேட்டின் கெட்டியை அளக்கும் முறையாக எடுத்துக்கொண்டது. ஆக, உலகத்துச் சாக்லேட் தொழிற்சாலைகளெல்லாம் பல வருஷம் மைக்காரன் கணக்கில்தான் ஓடியிருக்கின்றன. பெயிண்ட் ஷாப் சூப்பர்வைசர் சாக்லேட் காய்ச்சுவது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை, சர்வதேச மரபு. இதை நான் வீட்டில் சொன்னேன். "அப்ப மையே குடிங்க," என்று பதில் வந்தது.

கடைசியில் மனைவி கரண்டியை வாங்கினாள். பாத்திரத்தில் விட்டுத் தூக்கி, கரண்டியின் முதுகைப் பார்த்தாள். ஆள்காட்டி விரலால் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். கோட்டின் இரண்டு கரையும் இடியாமல் நின்றன. "பதம் வந்துடுச்சு, எறக்குங்க," என்றாள். அவ்வளவுதான் பரிசோதனை. பாயசத்துக்கும் பால்கோவாவுக்கும் அவள் இதைத்தான் செய்கிறாள். பிரெஞ்சுச் சமையல்காரர்கள் கஸ்டர்ட் காய்ச்சும்போது செய்வதும் கரண்டி முதுகில் விரலால் கோடு இழுப்பதுதான். ஓட்டை விழுந்த டம்ளரை நான் மெதுவாகப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

மாவு கட்டி தட்டிய பிரச்சினையைத் தீர்த்தது அம்மா. கொதிக்கிற பாலில் நான் சோளமாவைத் தூவியதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். சூட்டில் விழுந்த மாவு வெளிப்பக்கம் உடனே வெந்து தோல் கட்டிக்கொள்ளும், உள்ளே பச்சை மாவு அப்படியே உருண்டையாக நிற்கும். அம்மா இவ்வளவு விளக்கமெல்லாம் சொல்லவில்லை. "எப்பா, பச்சத் தண்ணியில கரைச்சு ஊத்தணும்ப்பா. ஆடி மாசம் கேவுரு மாவ எப்பிடிக் கரைக்கறேன், பாத்ததில்ல?" என்றார். பிறகு ஒரு டம்ளர் வாங்கி, வாயில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு யோசித்து, தீர்ப்பு சொன்னார்: "கூழு. வெங்காயம் கடிச்சிக்கத்தான் தோது இல்ல."

முதலில் எனக்கு வருத்தம்தான். இத்தாலி, ஸ்பெயின் என்று எவ்வளவு தூரம் போய் வந்தேன், கடைசியில் மாரியம்மன் கோயில் அண்டாவிலா கொண்டுவந்து நிறுத்துவது? அப்புறம் யோசித்தால் அம்மா சொன்னது வரலாறு. சாக்லேட் பிறந்த மெக்சிகோ பக்கத்தில் அதை ஆதியிலிருந்தே பல விதமாகக் குடித்தார்கள். அதில் ஒன்று, மக்காச்சோளத்தை அரைத்துக் கலந்த கஞ்சி. மிளகாயும் போடுவார்கள். இன்றைக்கும் அங்கே சம்புர்ராடோ என்று சோளமாவும் சாக்லேட்டும் கலந்து கெட்டியாகக் காய்ச்சிக் காலையில் குடிக்கிறார்கள். ஸ்பெயின்காரர்கள் 16-ஆம் நூற்றாண்டில் கொக்கோவைக் கப்பலேற்றி, மிளகாயை எடுத்துவிட்டுச் சர்க்கரையைப் போட்டார்கள். ஐரோப்பா அதை வெள்ளிக் குவளையில் ஊற்றிப் பிரபுக்கள் பானம் ஆக்கியது. வான் ஹௌட்டன் இயந்திரம் பரவும்வரை இங்கிலாந்தில்கூட, மேலே மிதக்கும் கொழுப்பை வாங்கிக்கொள்ளக் கொக்கோவில் ஜவ்வரிசி மாவும் உருளைக்கிழங்கு மாவும் கலந்தார்கள். ஆகவே சோளமாவு சேர்ப்பது கலப்படம் இல்லை. பிறந்த வீட்டுச் சீர். மெக்சிகோவிலிருந்து கிளம்பிய மிளகாயைப் போர்ச்சுகீசியர்கள் நம்மிடம் கொண்டுவந்து சேர்த்தார்கள், நாம் அதைப் பிடித்துக்கொண்டோம். கொக்கோ நம்மிடம் வர இன்னும் இருநூறு, முந்நூறு வருஷம் ஆயிற்று. நாமோ காபிக்குப் போய்விட்டோம்.

இந்தச் சமயத்தில் தாய்மாமன் வீட்டுக்கு வந்தார். பேத்தி கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவருக்கு, காபிக்குப் பதில் நான் காய்ச்சிய சாக்லேட்டைக் கொடுப்பதென்று மனைவி முடிவு செய்தாள். பெருமையா, பழிவாங்கலா, இன்றுவரை தெரியாது. சீர் செட்டில் மிச்சமிருந்த டம்ளர்களிலேயே ஊற்றினாள். மாமா அண்ணாந்து குடிக்கிற பழக்கக்காரர். டம்ளரைத் தூக்கிப் பிடித்து வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. இன்னும் சாய்த்தார். அப்போதும் வரவில்லை. பாதி வழியில் அது மொத்தமாகக் கிளம்பி வந்தது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. மாமா மீசையைத் துடைத்துக்கொண்டு, நிதானமாக நாக்கைச் சப்புக்கொட்டி, "நல்லாத்தாம்மா இருக்கு. இத எலையில வெச்சிருக்கணும்," என்றார். பிறகு பால்கனிக்குக் கை கழுவப் போனவர், பத்துமணிப் பூச்செடிக்குத் தொட்டியாகிவிட்டிருந்த அந்த ஓட்டை டம்ளரைப் பார்த்தார். குனிந்து பெயரைப் படித்தார். அடியில் தண்ணீர் வடிவதையும் பார்த்தார். "மாப்ள, செடிக்குன்னு எவ்ளோ பாத்து ஓட்ட போட்டிருக்கீங்க," என்றார். நான் மறுக்கவில்லை.

இவ்வளவு சொல்லிவிட்டுச் செய்முறையைச் சொல்லாமல் போனால் பாவம். சின்ன டம்ளரில் நான்கு பேருக்கான கணக்கு இது. அரை லிட்டர் கொழுப்பு நிறைந்த பால். அதில் கால் டம்ளரைப் பச்சையாகத் தனியே எடுத்துவைத்து, ஒன்றரை மேசைக்கரண்டி சோளமாவும், ஒரு மேசைக்கரண்டி இனிப்பில்லாத கொக்கோத் தூளும் போட்டுக் கட்டியில்லாமல் கரையுங்கள். மீதிப் பாலை இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்போடு அடி கனத்த பாத்திரத்தில் காய்ச்சுங்கள். உப்பை விட்டுவிடாதீர்கள், கசப்பின் முரட்டுத்தனத்தை அதுதான் தட்டி உட்காரவைக்கும். பால் பொங்க வருகிற நேரத்தில் தீயைக் குறைத்து, கரைத்த மாவை ஊற்றிக்கொண்டே கிளறுங்கள். சோளமாவு 60, 70 டிகிரியில் உப்பத் தொடங்கும். ஆனால் லேசாகக் கொதித்து இரண்டு நிமிஷம் வெந்தால்தான் பச்சை வாசனை போகும், கெட்டியும் முழுதாகப் பிடிக்கும். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, பொடியாக நறுக்கிய 100 கிராம் டார்க் சாக்லேட்டைப் போட்டுப் பளபளப்பு வரும்வரை கிளறுங்கள். கொதிக்கும்போது போட்டால் அடிப்பிடித்துக் கசக்கும்.

இறக்கும்போது, இன்னும் கொஞ்சம் கெட்டியாக இருக்கலாமே என்று தோன்ற வேண்டும். அதுதான் சரியான பதம், ஆற ஆற தானாக இறுகும். அடுப்பிலேயே ஸ்பூன் நின்றுவிட்டால், டம்ளருக்கு வரும்போது மாமாவின் வேட்டிதான். ஆறிய மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் கத்தியால் வெட்டிச் சாப்பிடலாம். என் மகள் அதை விரும்பித்தான் மிச்சம் வைக்கச் சொல்கிறாள்.

சாக்லேட் வாங்கும்போது விளம்பரப் படத்தைப் பார்க்காதீர்கள், பொடி எழுத்தைப் பாருங்கள். கொக்கோ பட்டர் என்று இருந்தால் எடுங்கள், தாவரக் கொழுப்பு என்று இருந்தால் கேக்காரருக்கு விட்டுவிடுங்கள். சோளமாவு தீர்ந்துபோனால் கஸ்டர்ட் பவுடர் கைகொடுக்கும், அதுவும் பெரும்பாலும் சோளமாவுதான். கூடவே வனிலா வாசனையும் மஞ்சள் சாயமும் இருக்கும். அளவில் மட்டும் பேராசை வேண்டாம். பெரிய மக் நிறைய ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தால் பாதியில் திகட்டும், மீதியில் தூக்கம் வரும். டூரின்காரர்கள் சின்னக் குவளையில் கொடுப்பது கஞ்சத்தனத்தால் இல்லை. காபிக்குப் பித்தளை டபரா செட் வைத்திருக்கிற வீடுகளில் அந்த டம்ளரே சரியான அளவு.

குடித்து முடித்தவர்கள் செய்ய வேண்டியது இன்னொன்று பாக்கி. பாத்திரத்தில் உடனே வெந்நீர் ஊற்றி ஊறவைத்து, நீங்களே தேய்த்துக் கவிழ்த்துவிடுங்கள். சோளமாவும் கொக்கோ பட்டரும் சேர்ந்து ராத்திரி முழுக்கக் காய்ந்தால், 140 டிகிரி ஓவனில் சுட்டெடுத்த கார் பெயிண்டைக்கூடச் சுரண்டிவிடலாம், இதைச் சுரண்ட முடியாது. காலையில் அந்தப் பாத்திரத்தை உங்கள் வீட்டில் யார் பார்ப்பார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.